டெல்லி மயூர் விகார் பக்கம் தமிழ் தெரிந்த டாக்டர் யாராவது? கொஞ்சம் அவசரம்

வணக்கம் மக்களே, அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது, வயது 68, சர்க்கரை உண்டு. போன வாரம் எனக்கு வந்தது சாதாரணச் சளி, மூக்கு ஒழுகி, தும்மித் தும்மி நாலு நாளில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு அப்படி இல்லை. நேற்று மதியம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தவர், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் 102 டிகிரி காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி என்று ரஜாய்க்குள் சுருண்டுவிட்டார். மூக்கு ஒழுகவே இல்லை, வறட்டு இருமல்தான். ஃப்ளூவாக இருக்குமோ என்று பயம்.

மருந்துக்கடையில் கேட்டால் எதுவும் விசாரிக்காமல் ஆன்டிபயாடிக்கை எடுத்து நீட்டுகிறார், வைரஸுக்கு அது எதற்கு என்று வாங்காமல் வந்துவிட்டேன். இப்போதைக்கு பாராசிட்டமால், கஞ்சி, சுக்குக் காபி. ஃப்ளூவுக்கான ஒசல்டமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும், பாதி நேரம் ஏற்கெனவே போய்விட்டது.

அம்மாவுக்கு இந்தி சுத்தமாக வராது. "எலும்புக்குள்ள குடையுது" என்பதை நான் எப்படி இந்தியில் சொல்ல? இன்று மாலைக்குள் பார்க்கிற மாதிரி யாராவது இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கே வருவார் என்றால் இன்னும் நல்லது. மூச்சுத்திணறல் இல்லை, ஆக்சிஜன் 97 காட்டுகிறது, இறங்கினால் நேரே எமர்ஜென்சிதான்.