லீஃப் டிக்கிக்குள் சாமான் தட்டு: நடு தாழுது, கீச்சிடுது, பிரேக் அடிச்சா முன்னுக்கு ஓடுது

மருதமுனை நெசவு:

ஸலாம், வணக்கம். மின்கார் நிசான் லீஃப் 2014, 24 கிலோவாட் மணிப் பற்றறி. டிக்கிக்குள் சார்ஜர் மேடு இல்லாத மொடல், போஸ் ஸ்பீக்கர் பெட்டியும் இல்லை. நெய்த சாரங்களைக் கட்டுக் கட்டாக மருதமுனையிலிருந்து கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஏற்றுகிறதுதான் வேலை.

பின்சீற்றை மடக்கினால் சீற்று முதுகுக்கும் டிக்கித் தரைக்கும் ஏறக்குறைய ஒரு சாண் பள்ளம். அதை நிரப்பத்தான் ஒன்லைனில் ஒரு தட்டு எடுத்தது. 98 செ.மீ. அகலம், 72 செ.மீ. நீளம், 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது), மேலே கார்ப்பட். இடது ஓரத்தில் ஒரு கால், வலது ஓரத்தில் ஒரு கால், அவ்வளவுதான். சார்ஜிங் வயரைத் தட்டுக்குக் கீழே வைக்கலாம், அது நல்ல வசதி.

பிரச்சினை நாலு. 40 கிலோ கட்டு வைத்தால் நடு ஒரு செ.மீ.க்கு மேல் தாழுது, இறக்கினபிறகும் முழுசா நிமிருதில்லை. பள்ளம் திட்டியில் கீச்சுச் சத்தம். பிரேக் அடித்தால் தட்டே முன்னுக்கு நகருது. சீற்று முதுகுக்கும் தட்டுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி, சின்னச் சாமான் எல்லாம் அதுக்குள்ள விழுது.

கால்களைத் தரையோடு நாலு போல்ட் போட்டு இறுக்கலாமா? கராஜில் அரை மணித்தியால வேலை என்கிறார்கள்.

கல்லடி மின்கார்:

போல்ட் வேண்டாம், துளையே போடாதீங்க.

உங்கள் மொடலில் பெரிய பற்றறிப் பெட்டி சீற்றுகளுக்குக் கீழேதான் கிடக்கு, டிக்கித் தரைக்கு நேர் கீழே இல்லை. அதனால் துளைத்த உடனே ஷொக் அடிக்கும் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் தட்டுக் கால்களின் முன் நுனி பின்சீற்றுக்குக் கிட்ட வருகிறது, அந்த இடத்தில் துளைபோட ஒரு விரல்கூட உத்தரவாதம் கிடையாது. 2012 கடைசிக்கு முந்திய லீஃப் என்றால் கதையே வேறு. அதில் சார்ஜர் பின்சீற்றுக்குப் பின்னால் மேடாக இருக்கும், செம்மஞ்சள் நிற உயர்வோல்ற்று வயர் அதுவரைக்கும் வரும். அந்தக் கார்க்காரர் யாரும் இதை வாசித்துவிட்டுத் துளைபோடும் மெஷினைத் தொட வேண்டாம். மேட்டு மூடியின்மேல் காலை ஊன்றவும் கூடாது.

நம்ம கரையில் இதைவிடப் பெரிய காரணம் துரு. துளையின் விளிம்பில் பெயின்ற் இல்லாத இரும்பு. உப்புக்காற்று ஒரு பக்கம், மாரியில் றோட்டில் நிற்கிற தண்ணீரை ரயர் கீழிருந்து அடிக்கிறது மறுபக்கம். சிலிக்கன் பூசினாலும் போல்ட் ஆடுகிற இடத்தில் சிலிக்கன் கிழியும். மேலே கார்ப்பட் மூடியிருப்பதால் துரு பரவுவது கண்ணில் படாது.

தட்டை இறுக்கத் தேவையில்லை. தரையில் வடிவாக உட்கார வைத்து, நகராமல் பிடித்தால் போதும். நடு தாழ்வதுக்கு மரவேலை தெரிந்த ஓடாவியார் யாராவது சொல்லட்டும்.

களுதாவளை ஓடாவி:

கால் ரெண்டும் ஓரத்தில் இருக்கிறதுதான் வருத்தம். 90 செ.மீ.க்கு மேல் இடைவெளியில் 12 மி.மீ. எம்.டி.எஃப். நிற்காது. 40 கிலோ பரவலாக வைத்தால் ஒரு செ.மீ. சொச்சம் தாழும், கணக்குப்படியே அது சரி. இறக்கியும் நிமிராதது அந்தப் பலகையின் குணம். வெயிலில் மூடின காருக்குள் 60 பாகைக்கு ஏறும், மாரிக்கு ஈரம் குடிக்கும், ரெண்டு நேரத்திலும் பாரம் இருந்தால் வளைந்தபடியே படிந்துவிடும். புரட்டிப் போட்டுப் பாவிக்கலாம் என்று யாரும் சொல்லுவார்கள், கேட்காதீங்க, மற்றப் பக்கம் வளையும்.

ஒரே பாரத்துக்கு, வளைவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். இடைவெளியைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் வளையும். பலகையை 12இலிருந்து 18 மி.மீ. ஆக்கினால் மூன்றரை மடங்குக்குக் கிட்டத்தான் லாபம், பாரமும் காசும் ஒன்றரை மடங்கு. ஆகவே தடிப்பைக் கூட்டாமல் நடுவில் மூன்றாவது தாங்கி போடுங்க.

எம்.டி.எஃப்.ஐக் கழித்துவிட்டு 12 மி.மீ. வெளிப்புறப் பாவனைப் பிளைவூட் எடுங்க, தண்ணீர் தாங்குகிற பசையில் ஒட்டினது. எட்டடிக்கு நாலடி ஷீற்று ஒன்றில் இந்த அளவுக்கு ரெண்டு தட்டு தாராளமாக வரும், மீதியில் தாங்கியும் வெட்டலாம். வெட்டும்போது மேல்நார் ஓடுகிற திசை காரின் குறுக்கே, அதாவது ஒரு தாங்கியிலிருந்து மற்றத் தாங்கிக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டும். மாற்றி வெட்டினால் பாதி உறுதி போய்விடும். இந்தப் பலகை 5 கிலோவுக்குள் நிற்கும், உங்கட எம்.டி.எஃப். 6 கிலோவுக்கு மேல்.

தாங்கிக்குக் கால் என்று நாலு குச்சி வைக்காதீங்க. முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிற மாதிரி மூன்று நிறுத்துப் பலகை. ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளம், அதே 12 மி.மீ. பிளைவூட், மேலும் கீழும் 2×1 அங்குல ரீப்பை (ஒடுக்கமான மரச்சட்டம்) பசைபோட்டு ஸ்குரூ அடித்தது. கீழ் ரீப்பை அகலப்பாட்டுக்குப் படுக்கட்டும், பாரம் தரையில் பரவும். மூன்றையும் நிற்க வைக்க பின்பக்கமாக ஒரு குறுக்குப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் சரியும். முன்பக்கம் திறந்திருக்கட்டும்.

உயரம் அளக்கிற இடத்தில்தான் கனபேர் பிழைவிடுகிறார்கள். லீஃபில் மடக்கின சீற்று முதுகு மட்டமாகக் கிடக்காது, முன்னுக்கு ஏறுமுகமாகச் சரிந்து கிடக்கும். சீற்று முதுகின் பின் ஓரத்திலிருந்து டிக்கிப் பக்கமாக ஒரு நேரான ரீப்பையை மட்டமாக நீட்டி, தரைக்கு இடது, நடு, வலது மூன்று இடத்தில் அளவெடுங்க. மூன்றும் ஒன்றாக வராது. கார்ப்பட்டைத் தூக்கி, தரைத் தகட்டை விரல்மொழியால் தட்டிப் பார்த்து, கணீர் என்று தகரச்சத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டு மடிப்பு ஓடுகிற இடத்தில் தாங்கியை வையுங்க. பலகைத் தடிப்பு 12, கார்ப்பட் 4 என்று 16 மி.மீ.ஐ அளவில் கழித்துத்தான் தாங்கியை வெட்ட வேண்டும்.

பக்கத்துப் பிளாஸ்ரிக்கோடு பலகை முட்டக்கூடாது. ரெண்டு பக்கமும் 5 மி.மீ. விடுங்க.

பொத்துவில் காற்று:

ஏன் மரம்? 25 மி.மீ. அலுமினிய ஆங்கிளில் பிரேம் அடித்தால் பாரமும் இல்லை, கறையானும் இல்லை.

களுதாவளை ஓடாவி:

செய்யலாம் தம்பி. ஆனால் மூலைக்கு மூலை ரிவெற் அடித்த பிரேம் ஓட்டத்தில் தளரும், தளர்ந்தால் கறகற என்று கத்தும். மின்காரில் எஞ்சின் சத்தம் இல்லாததால் அது ரெண்டு மடங்காகக் கேட்கும். அலுமினியத்தோடு சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால் உப்பு ஈரத்தில் சேருமிடம் வெள்ளையாகப் பூக்கும், 304 துருப்பிடிக்காத ஸ்குரூவும் நைலோன் வாஷரும் வேண்டும். 5 கிலோ மிச்சம் பிடிக்கிறதுக்காக இவ்வளவும் எதுக்கு? ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்டின காரில் 5 கிலோ ஓட்டத் தூரத்தில் தெரியவே தெரியாது.

அக்கரைப்பற்று குஷன்:

சத்தத்துக்கும் நகர்வுக்கும் நான் சொல்றன்.

நகர்வுக்கு ரப்பர் பாதம் ஒட்டுறாங்க, அது கார்ப்பட்டில் பிடிக்காது, வெறுந்தரையில்தான் பிடிக்கும். வெல்க்ரோவின் முள் பக்கத்தை மட்டும் 2 இஞ்சு அகலத்தில் வாங்கி, தாங்கியின் கீழ் ரீப்பை நீளத்துக்கும் ஒட்டி, ஓரத்தில் ஸ்டேப்பிளும் அடிங்க. டிக்கிக் கார்ப்பட்டின் மயிரையே முள் கவ்விக்கொள்ளும், எதிர்ப்பக்கம் தேவையில்லை. கழற்றும்போது ஒரு ஓரத்தைத் தூக்கி உரிக்க வேணும், இழுத்தால் கார்ப்பட் பிய்யும். இதோட தாங்கியின் முன் நுனி சீற்றின் அடிப்பக்கத்தில் மெத்தென்று முட்டுற மாதிரி 10 மி.மீ. கறுப்பு ரப்பர் ஸ்பொஞ்ச் ஒட்டினால் முன்னுக்குப் போக இடமே இல்லை.

கீச்சு வாறது மூன்று இடத்தில்: பலகையும் தாங்கியும் சேருற இடம், பலகை ஓரம் பக்கத்துப் பிளாஸ்ரிக்கில் உரசுற இடம், கீழே கிடக்குற வயர்ப்பெட்டி. எது என்று கண்டுபிடிக்க, கார் நிற்கும்போது தட்டின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அமத்திப் பாருங்க, கத்துற மூலை அந்த இடத்திலேயே கத்தும். முதலாவதுக்கு தாங்கியின் மேல் ரீப்பையில் 3 மி.மீ. ஃபெல்ற் துணி. ரெண்டாவதுக்கு ஓடாவியார் சொன்ன 5 மி.மீ. இடைவெளிக்குள் அதே ஃபெல்ற். மூன்றாவதுக்கு வயரைப் பையில் போட்டுக் கட்டிவைத்தால் சரி.

ஸ்பொஞ்ச் ரேப் வாங்கும்போது சாம்பல் நிற மலிவு ரேப்பை எடுக்காதீங்க. வெயிலில் பசை உருகி, நாலு மாதத்தில் பாகு மாதிரி ஒழுகி கார்ப்பட்டையும் கெடுக்கும். ரெண்டு பக்கமும் ஒட்டுற ரேப்பும் அப்படித்தான், சூட்டில் விட்டுவிடும்.

கார்ப்பட்டை ரப்பர் சொலூஷனில் ஒட்டலாம். பலகைக்கும் துணிக்கும் ரெண்டுக்கும் பூசி, கைவிரலில் ஒட்டாத பதம் வந்தபிறகு சேர்க்க வேணும். ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் உள்ளே காற்றுக் குமிழ் கட்டும். அதை மட்டும் நம்பாமல் ஓரத்தை அடிப்பக்கத்துக்கு 5 செ.மீ. மடித்து 8 மி.மீ. ஸ்டேப்பிள் அடிங்க, 14 எடுத்தால் 12 மி.மீ. பலகையில் மறுபக்கம் குத்தும். ஸ்டேப்பிள் தலைக்கு மேலே வார்னிஷ் ஒரு பூச்சு, இல்லாட்டி ஒரு மாரியில் துரு ஊறிச் சாரத்துக்கு மஞ்சள் கறை ஏறும். பலகையின் வெட்டு ஓரங்களுக்கு, கார்ப்பட் ஒட்ட முந்தியே, ரெண்டு பூச்சு வார்னிஷ். ஈரம் உள்ளே போறது ஓரத்தாலதான்.

நாலு விரல் இடைவெளிக்குப் பிணைச்சல் போடாதீங்க, அதுவும் சத்தம். 15 செ.மீ. அகலத்தில் 6 மி.மீ. பிளைவூட் பட்டி ஒன்றை வெட்டி, பெரிய பலகைக்கும் அதுக்கும் 4 மி.மீ. சந்து விட்டு, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கார்ப்பட்டை ஒட்டிவிடுங்க. கார்ப்பட்டே பிணைச்சல். சீற்று நிமிர்ந்திருந்தால் பட்டி பின்னுக்கு மடிந்து தட்டின்மேல் கிடக்கும்.

மருதமுனை நெசவு:

ஜஸாக்கல்லாஹு ஹைரன், எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. அந்தப் பட்டியின்மேல் சாரக் கட்டு வைக்கலாமா? சில நேரம் திரும்பி வரும்போது தயிர்ச்சட்டியும் ஏற்றுவோம், அதைத் தட்டுக்கு மேலே வைக்கிறதா, கீழேயா?

அக்கரைப்பற்று குஷன்:

பட்டி இடைவெளியை மூட மட்டும்தான், காக்கா. கட்டு அதைத் தாண்டி சீற்று முதுகில் படிந்து கிடந்தால் பரவாயில்லை, கட்டின் முழுப்பாரமும் பட்டியில் நிற்கக்கூடாது.

கல்லடி மின்கார்:

தயிர்ச்சட்டி கீழே. பாரமானது எதுவும் கீழே. இதில் பாதுகாப்பு இருக்கு, கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

தட்டு போட்டதும் டிக்கியின் தரை ஒரு சாண் உயர்ந்துவிடுகிறது. முன்னர் சீற்று முதுகுக்குள் அடங்கின கட்டு இப்போது அதன் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். பலமாகப் பிரேக் அடித்தால் சாமானின் நிறையில் முக்கால் பங்குக்கு மேலான விசை முன்னுக்குத் தள்ளும், 40 கிலோ கட்டு 30 கிலோவுக்கு மேல் தள்ளுகிற கணக்கு. மோதல் என்றால் அது பல மடங்கு. சீற்று முதுகுகளைச் சோதிக்கிற ஐ.நா. ஒழுங்குவிதி 17இல் பின்னால் வைக்கிற சோதனைக் கட்டை ஒவ்வொன்றும் 18 கிலோதான், அப்படி ரெண்டு. நீங்கள் ஏற்றுகிறது அதைவிடக் கூட. ஆகவே பின்சீற்றில் ஆள் இருந்தால் தட்டின்மேல் கட்டு சீற்று முதுகின் உயரத்தைத் தாண்டக்கூடாது. சீற்றை மடக்கி ஏற்றினால் முன்சீற்று முதுகோடு சேர்த்து அடுக்கி, குறுக்கே 25 மி.மீ. பெல்ட் போட்டுக் கட்டுங்க.

பெல்ட்டை எதில் மாட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துப் பிளாஸ்ரிக்கில் இருக்கிற சின்னக் கொக்கி கடைப்பை தொங்கவிடத்தான், கட்டு இழுத்தால் பெயர்ந்து வரும். உடம்புத் தகட்டில் போல்ட் போட்ட இரும்பு வளையம் இருந்தால் அதில் மாட்டுங்க. பின்சீற்று முதுகில் குழந்தைச் சீற்றுக்கான வளையம் இருக்கும், அதைச் சாமானுக்குப் பாவிக்காமல் விடுகிறதே நல்லம், தட்டும் அதை மறைக்கக்கூடாது.

சட்டிக்கு: தட்டுக்குக் கீழே, நடுத்தாங்கிக்கு ஒரு பக்கம் சட்டி, மறுபக்கம் சார்ஜிங் வயர். சட்டி உருளாமல் தரையில் 2×1 ரீப்பைத் துண்டு ரெண்டை ஒரு பலகைத் துண்டில் அடித்து வைத்தால் போதும். மோர் சிந்தினால் வயரின் பிளக்கில் படாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்க. மழையில் நனைந்த வயரைச் சுருட்டி அப்படியே மூடிவைக்கிறதும் கூடாது, பூஞ்சணம் பிடித்து மணக்கும், பிளக்கின் ஊசியும் பச்சை கட்டும்.

இன்னொன்று, தட்டுக்காரர் பெரும்பாலும் யோசிக்காதது. லீஃபின் பின்கதவு மின்சாரத்தில்தான் திறக்கிறது. 12 வோல்ற் பற்றறி செத்தால் வெளியிலிருந்து திறக்காது. அப்போது முன்கதவைச் சாவியால் திறந்து, பின்சீற்றை மடக்கி, உள்ளே கைநீட்டி, பின்கதவின் உட்பக்கத்தில் சின்ன மூடியைக் கழற்றி அதுக்குள் இருக்கிற நெம்பைத் தள்ள வேண்டும். தட்டும் கட்டும் அந்த வழியை அடைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் தட்டைக் குறுக்கே ஒரே பலகையாக வைக்காமல், நடுத்தாங்கிக்கு மேலே வெட்டு வருகிற மாதிரி ரெண்டாக வெட்டி, எந்தப் பாதியையும் சீற்றுப் பக்கமிருந்தே தூக்கக்கூடியதாகச் செய்யுங்க. வெட்டு விளிம்பு ரெண்டும் தாங்கியில் அரை அங்குலமாவது உட்கார வேண்டும், அதுக்கு நடுத்தாங்கியின் மேல் ரீப்பையை மட்டும் ரெண்டு அங்குலப் பாட்டைப் படுக்க வைத்து அடிக்கச் சொல்லுங்க. 12 வோல்ற் பூஸ்ரர் பையை டிக்கிக்குள் வைக்கிற ஆக்களும் இருக்கிறார்கள், அதை முன்சீற்றுக்குக் கீழே மாற்றிவிடுங்க.

கடைசியாகக் கதவு மூடுகிறதா என்று பார்க்கிறது. பின்கதவின் உட்பக்கம் உள்ளே புடைத்திருக்கும். தட்டின் பின் ஓரத்தில் பிசைந்த மா உருண்டை ஒன்றை வைத்து, கதவை மெதுவாக மூடித் திறந்து, நசிந்த மாவின் தடிப்பை அளவுகோலால் அளந்து பாருங்க. 2 செ.மீ.க்குக் குறைந்தால், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பலகையை வெட்டுங்க. கதவை அடித்து மூடிச் சமாளித்தால் பூட்டுக்கும் ரப்பருக்கும் சேதம்.

பாரம் ஏற்றுகிற நாளில் ரயர் காற்று, ஓட முந்திக் குளிராக இருக்கும்போது, 36 பி.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்க.

மருதமுனை நெசவு:

ரெண்டாக வெட்டினால் முன் பட்டியையும் ரெண்டாக வெட்ட வேண்டுமா?

அக்கரைப்பற்று குஷன்:

ஓம். பட்டியும் அதே கோட்டில். கார்ப்பட்டையும் ரெண்டு துண்டாக எடுங்க, வெட்டு ஓரத்தையும் உள்ளே மடிச்சு அடிக்க வேணும், அதனால் ஒவ்வொரு பாதியையும் 4 மி.மீ. குறைச்சு வெட்டச் சொல்லுங்க ஓடாவிக்கிட்ட.