சிசரோவின் ‘செர்மோ’: நல்ல உரையாடலுக்கு லத்தீன் நூல்கள் சொல்லும் இலக்கணம் என்ன?

கேள்வி:
ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் ‘தே ஒஃபீக்கியீஸ்’ (கடமைகள் பற்றி) முதல் புத்தகம் படிக்கிறேன். நீதிமன்றம், செனட் பேச்சுக்கு விதி எழுதியவர்கள் உண்டு, நண்பர்களோடு பேசும் ‘செர்மோ’வுக்கு யாரும் எழுதவில்லை என்கிறார். அவரே எழுதுகிறாரா? பின்னால் வந்த கிறித்தவர்கள் ஏற்றார்களா, முக்கியமாக வேடிக்கைப் பேச்சை?

பதில் 1:
எழுதுகிறார். பிரிவு 132 முதல் 137 வரை நிதானமாகப் படியுங்கள். பேச்சு மென்மையாக இருக்க வேண்டும், பிடிவாதம் கூடாது. அடுத்தவரைப் பேசவிடாதவனைக் குறிக்க அவர் எடுக்கும் சொல் ‘பொஸ்ஸெஸ்ஸியோ’. நில உடைமைக்கான சட்டச் சொல். பட்டா போட்டு வாங்கிய இடம்போல எண்ணிப் பேச்சுக்குள் உட்கார்ந்துகொள்ளாதே, மற்றவருக்கும் முறை விடு என்கிறார். இந்த ஒரு சொல்லிலேயே அவர் நோக்கம் முழுதும் தெரிகிறது. பேச்சு திசைமாறினால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தொடங்கக் காரணம் இருந்ததுபோல நிறுத்தவும் அளவு வேண்டும். அங்கே இல்லாதவரைப் பற்றி அவதூறு கூடாது. கண்டிப்பது, மருத்துவர் சூடு வைப்பதுபோல, வேறு வழியே இல்லாதபோது மட்டும். அப்போதும் கோபம் கூடாது.

பதில் 2:
வேடிக்கையில்தான் சிக்கல். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் ஆயர் அம்புரோஸ் அதே தலைப்பில் குருமாருக்காக எழுதினார். தொடக்கத்திலேயே மௌனத்தைப் பேசுகிறார். நாகரிகமான நகைச்சுவைகூடத் திருச்சபை ஒழுங்குக்கு ஒவ்வாது என்கிறார். இந்த வரியை மட்டும் படித்துவிட்டு ‘கிறித்தவம் சிரிப்பை விலக்கியது’ என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், ‘சும்மா தியோலஜியே’ என்ற தம் பெரிய இறையியல் நூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், கேள்வி 168, இதே வரியை எடுத்துவைத்து, அம்புரோஸ் விலக்கியது புனிதப் போதனையில் வரும் வேடிக்கையைத்தான், உரையாடலில் அல்ல என்று விடை தருகிறார். நாணேற்றியே வைத்த வில் முறியும், மனமும் அப்படியே என்ற பழைய கதையையும் சேர்க்கிறார். அரிஸ்டாட்டிலின் ‘எயுத்ரபேலியா’, அதாவது அளவறிந்த நகைச்சுவை, அங்கே நற்பண்பாகிறது. நான்காம் கூறு இன்னும் அருமை: தானும் சிரிக்காமல் பிறரையும் சிரிக்கவிடாதவன் குற்றவாளி. ஆனால் அளவு மீறுவது அதைவிடப் பெரிய குற்றம்.

பதில் 3:
நடைமுறைக்கு இத்தாலியின் பிரெஷியா நகரத்து வழக்கறிஞர் அல்பெர்த்தானுஸைப் படியுங்கள். பேசுவதும் பேசாதிருப்பதும் பற்றி 1245இல் மகனுக்காக எழுதியது, ஆறே கேள்விகள்: யார், என்ன, யாரிடம், ஏன், எப்படி, எப்போது. முதல் கேள்வியை ‘பேசுகிறவன் யார்’ என்று மேலோட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கேட்கச் சொல்வது இதை: இந்த விஷயம் உன்னைச் சேர்ந்ததா? இப்போது உன் மனம் அமைதியாக இருக்கிறதா, கோபத்திலா?

அடுத்து நேப்பிள்ஸின் லத்தீன் கவிஞர் பொன்தானோ. அவருடைய ‘தே செர்மோனே’ (உரையாடல் பற்றி) ஆறு புத்தகம், அவர் இறந்தபின் 1509இல் அச்சானது. நயமாகச் சிரிக்கவைக்கும் பண்புக்குப் புதுச்சொல்லே ஆக்கிக்கொண்டார். சிசரோவின் ஆறு பிரிவுகளை முடித்துவிட்டு அங்கே போங்கள். அந்தப் பிரிவுகளில் சிசரோ ஒரு வரியில் கடந்த நகைச்சுவைக்கு பொன்தானோ புத்தகக்கணக்கில் உதாரணம் அடுக்குகிறார்.