மறு: சைனோவியம், டெண்டினோசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

விக்சனரிக்கான நம் மருத்துவச் சொற்பட்டியலில் சைனோவியம் (மூட்டின் உட்புறத்தில் வழுவழுப்பான நீரைச் சுரக்கும் சவ்வு), டெண்டினோசிஸ் (தசைநாண் நோய்களில் ஒன்று) ஆகியவற்றுக்கும் அவற்றை ஒட்டிய சொற்களுக்கும் என் பரிந்துரை இது. குழுவில் வந்த கேள்விகளை மேலே வைத்து, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

> மூட்டுக்குள் இருக்கும் சவ்வுதானே? 'மூட்டுச்சவ்வு' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

அங்கேதான் சிக்கல் ஐயா. அந்தச் சவ்வு மூட்டோடு நிற்பதில்லை. கணுக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். காலிலிருந்து பாதத்துக்கு இறங்கும் நாண்களில் (தசையை எலும்போடு இணைக்கும் டெண்டன்களில்) பெரும்பாலானவை கணுக்காலை ஒட்டி வளைந்து திரும்புகின்றன. எலும்பில் உராயாமல் வழுக்கிப் போக அவற்றுக்கு உறை இருக்கிறது. உறையின் உட்புறத்திலும் இதே சவ்வு, இதே நீர். அந்த உறை வீங்கி வலித்தால் டெனோசைனோவைட்டிஸ். நீங்கள் சொல்லும் சொல்லை ஏற்றால் இதை 'நாண் மூட்டுச்சவ்வழற்சி' என்று எழுத வேண்டிவரும். மூட்டே இல்லாத இடத்தில் மூட்டு!

> அப்படியானால் 'வழுநீர்ச் சவ்வு'?

வழுவழுப்பு நினைவுக்கு வருவது சரிதான். ஆனால் கணினித் தமிழில் வழு என்றால் பக், அதாவது மென்பொருள் கோளாறு, இலக்கணக்காரர்களுக்குப் பிழை. நோயே இல்லாத மூட்டிலும் வழுநீர் உண்டு என்று ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நான் முன்வைப்பது 'உயவு'. பொறியியலில் உயவு எண்ணெய் (லூப்ரிகண்ட்) ஏற்கெனவே புழங்குகிறது, வேலையும் அதேதான். உயவுநீர், உயவுச்சவ்வு, உயவுச்சவ்வழற்சி என்று வரிசையாக வரும். நாணைச் சுற்றியிருப்பது உயவுறை, அது அழன்றால் உயவுறை அழற்சி. பழந்தமிழில் உயவுக்கு வருத்தம் என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கட்டும். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) முதலில் தாக்குவது இந்தச் சவ்வைத்தான், பலருக்குக் கால் விரலடி மூட்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. வருத்தம் என்ற பொருள் அங்கே அப்படியொன்றும் துருத்தாது.

அடுத்தது 'அழற்சி'. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நம் பட்டியலில் டெண்டினைட்டிஸ், டெண்டினோசிஸ் இரண்டுக்கும் 'தசைநாண் அழற்சி' என்றே இருக்கிறது. ஆனால் நாட்பட்ட குதிநாண் (கெண்டைத் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் டெண்டன்) வலியில் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சிச் செல்கள் அதிகம் தென்படுவதில்லை. நாணுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒழுங்கு குலைந்து கிடக்கின்றன, ஊடே புது இரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன. 1998-ல் மாஃபுல்லி, கான், புட்டு என்ற மருத்துவ ஆய்வாளர்கள் மூவரும் இதை வைத்துத்தான் பெயர்களைத் திருத்தச் சொன்னார்கள்: திசுவைச் சோதிக்காதவரை பொதுவாக டெண்டினோபதி என்றே சொல்லுங்கள் என்று.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறுகிறது. அதே 1998-ல் சுவீடனில் ஆல்ஃபிரெட்சன் குழு நாட்பட்ட குதிநாண் வலிக்கு வெளியிட்ட பயிற்சியில், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதியை மெல்லத் தாழ்த்த வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, நாளுக்கு 2 வேளை, 12 வாரம். லேசாக வலித்தாலும் தொடரச் சொன்னார்கள்! 'அழற்சி' என்று படித்தவர் காலை நீட்டிப் படுத்து வலி மாத்திரை போடுவாரே தவிர, படி விளிம்பில் போய் நிற்க மாட்டார். ஆகவே டெண்டினைட்டிஸ் நாண் அழற்சி, டெண்டினோசிஸ் நாண் நலிவு, டெண்டினோபதி நாண் நோய்.

இன்னொன்று, குதிநாணுக்கு உயவுறை கிடையாது. சுற்றி ஒரு மெல்லிய படலம்தான். 'குதிநாண் உறையழற்சி' என்ற பதிவைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

> மக்கள் நரம்பு என்றுதானே சொல்கிறார்கள்? அதையே வைத்தால் என்ன?

பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். 'குதிகால் நரம்பு இழுத்துக்கிச்சு' என்றால் யாருக்கும் புரியும். எழுத்தில் முடியாது. கணுக்காலின் உட்புற எலும்புப் புடைப்புக்குப் (உட்கணு) பின்னால் நாண்களும் ஒரு நரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இறங்குகின்றன, இரண்டுக்கும் தனித்தனியே நோய் வரும். நரம்பு நசுங்கினால் உள்ளங்காலில் எரிச்சல், மரமரப்பு. அங்கே ஓடும் பின்கால் நாண் (டிபியாலிஸ் போஸ்டீரியர் டெண்டன்) நலிந்தாலோ பாதத்தின் வளைவு சரிந்து தட்டையாகும், ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்க முடியாது. இரண்டையும் நரம்பு என்று எழுதினால், நாண் நலிந்தவர் 'நரம்புச் சத்து' மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

தசைநாரா, தசைநாணா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. பள்ளிப் பாடநூலில் டெண்டன் தசைநாண். அதைக் கலைக்க வேண்டாம்.

மிச்சம் பர்சா, அதாவது உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பை. குதிநாணுக்கும் குதி எலும்புக்கும் நடுவிலும் ஒன்று இருக்கிறது. அதன் உட்புறத்திலும் உயவுச்சவ்வுதான் என்பதால் 'உயவுப்பை' பொருந்தும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.