பாதியில் நிற்கும் பாத்ரூம், கிச்சன் வேலை: கான்ட்ராக்டரை மாற்றலாமா, வைத்தே முடிக்கலாமா?

மாடிப்படி (கேள்வி)

பழைய வீட்டின் மாடியில் இரண்டு பாத்ரூம், ஒரு கிச்சன் புதுப்பிக்கும் வேலை. பொருளும் கூலியும் சேர்த்து ஒரே கான்ட்ராக்டர். பேசிய தொகையில் 60 சதவீதம் கொடுத்தாயிற்று, வேலை மூன்றில் ஒரு பங்கு நடந்திருந்தால் அதிகம்.

இப்போதைய நிலை: பழைய டைல்ஸ், பூச்சு எல்லாம் கொத்தி எடுத்துவிட்டார்கள். சுவரைக் கட்டிங் அடித்து சிபிவிசி பைப் (தண்ணீருக்கான பிளாஸ்டிக் பைப்) போட்டிருக்கிறது. ஒரு பாத்ரூமில் அதன் மேல் பூசியும் மூடிவிட்டார்கள், இன்னொன்றில் பைப் வெளியே தெரிகிறது. தரையில் வாட்டர்ப்ரூஃபிங் ஒரு கோட் அடித்ததாகச் சொல்கிறார். எலக்ட்ரிக் பைப் போட்டு வயரும் இழுத்தாயிற்று, ஸ்விட்ச் போர்டு இல்லை. கிச்சன் மேடை உடைத்தது உடைத்தபடி கிடக்கிறது.

வாரத்துக்கு ஒரு நாள் ஆள் வந்தால் பெரிது. இப்போது, "டைல்ஸ் ஒட்ட ஆள் ரெடி, இன்னொரு 20 சதவீதம் போடுங்க, உடனே ஆரம்பிச்சிடலாம்" என்கிறார். எழுத்தில் இருப்பது ஒரு பக்கக் கொட்டேஷன் மட்டும், தேதி எதுவும் போடவில்லை. பணம் தரலாமா? மாற்றுவதென்றால் கணக்கை எப்படி முடிப்பது? இதுவரை செய்த வேலை சரியா என்று டைல்ஸ் ஒட்டும் முன் எப்படிப் பார்ப்பது?

தூக்குக்குண்டு

20 சதவீதம் தராதீர்கள். கொடுத்தால் 80 போயிருக்கும், மூன்றில் இரண்டு பங்கு வேலைக்கு மிச்சம் 20 மட்டும் இருக்கும். அந்த 20க்காக அவர் உங்கள் வீட்டுக்கு வருவதை விட, புது இடத்தில் அட்வான்ஸ் வாங்குவது அவருக்கு லாபம்.

பெரும்பாலும் இது ஏமாற்று வேலை கூட இல்லை, பணச் சுழற்சிக் கோளாறு. உங்கள் அட்வான்ஸ் முந்தைய இடத்தின் கடை பாக்கிக்கும் கூலி பாக்கிக்கும் போயிருக்கும். உங்கள் வேலையை முடிக்க அடுத்தவர் அட்வான்ஸ் வர வேண்டும். இடிப்பது எப்போதும் வேகமாக நடப்பதற்கும் காரணம் உண்டு: இடித்துப் போட்டுவிட்டால் நீங்கள் வேறு ஆளிடம் போவது கஷ்டம், தவிர இடிப்புக்குப் பொருள் செலவே கிடையாது.

அவரை வைத்தே தொடர நினைத்தால் பேச்சை இப்படித் திருப்புங்கள். இனி மொத்தமாக அட்வான்ஸ் இல்லை. டைல்ஸ், ஒட்டும் பசை, டைல் இடைவெளியை அடைக்கும் க்ரவுட் எல்லாம் நீங்களே கடையில் வாங்கி, பில்லை அவர் கணக்கில் கழிக்கிறீர்கள். டைல்ஸ் போடும் ஆளின் கூலியை அந்த வார அளவுப்படி நேரடியாகக் கொடுத்து, அதையும் கழிக்கிறீர்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் கடைசியில், "கூலி நீங்க கொடுத்தது தனி, என் மீதி 40 தனி" என்று நிற்பார்.

டைல்ஸ் வாங்கும்போது தேவைக்கு மேல் 10 சதவீதம், மூலைவாட்டில் ஒட்டுவதாக இருந்தால் 15. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேலை இழுக்கிற இழுப்பில் பிறகு அதே ஷேடு கிடைக்காது.

ரசமட்டம்

பணத்தை விட எனக்கு அந்த மூடிய சுவர்தான் உறுத்துகிறது. அவர் இருந்தாலும் போனாலும், கீழே சொல்வது முடியாமல் ஒரு டைல் கூட ஒட்ட விடாதீர்கள்.

முதலில் தண்ணீர் பைப். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்து, "கசியலை சார்" என்பார்கள். அது சோதனையே இல்லை. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் வரும். மேல் மாடி பாத்ரூமில் தொட்டியால் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. நாளைக்கு 3 பார் பிரஷர் பம்ப் வைத்ததும் அரைகுறையாக ஒட்டிய ஜாயின்ட் விட்டுவிடும். கேஜ் உள்ள கை பம்ப் பிளம்பரிடம் இருக்கும், இல்லையென்றால் வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டி 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எல்லா முனையிலும் பிளக் போட்டு, ஹீட்டர் லைனைப் பிரித்து, காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, வரப்போகும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். 3 பார் என்றால் 4.5. முதல் சில நிமிடத்தில் பைப் கொஞ்சம் விரிவதால் முள் லேசாக இறங்கும், திரும்ப ஏற்றிவிடலாம். அதன்பின் ஒரு மணி நேரம் முள் அசையக் கூடாது. பூசி மூடிய பாத்ரூமையும் இப்படிச் சோதிக்கலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. கம்ப்ரஸர் காற்று வைத்துச் சோதிக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் பைப் காற்றழுத்தத்தில் உடைந்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும்.

அடுத்து வாட்டர்ப்ரூஃபிங். "ஒரு கோட்" என்றாலே வேலை பாதிதான். இரண்டு கோட், இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. தரையும் சுவரும் சேரும் மூலை செங்குத்தாக இருக்கக் கூடாது, கலவையால் வளைவாகப் பிடித்து அதன் மேல்தான் கோட் அடிக்க வேண்டும். சுவரில் குறைந்தது 300 மி.மீ. மேலே ஏற வேண்டும், ஷவர் பக்கம் 1.8 மீட்டர். தரைத் தண்ணீர் வெளியேறும் ட்ராப்பைச் சுற்றியும் பைப் தரையைத் துளைக்கும் இடத்திலும் பாருங்கள். பெரும்பாலான கசிவு அங்கேதான், தரையின் நடுவில் அல்ல.

காய்ந்த பிறகு தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை நாள் காய வேண்டும் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும். ட்ராப் வாயை ரப்பர் பிளக்கால் அடைத்து, வாசலில் செங்கலும் கலவையும் வைத்துத் தடுப்பு கட்டி, தரையின் மேடான இடத்திலும் 25 மி.மீ. தண்ணீர் நிற்கும்படி நிரப்புங்கள். சுவரில் பென்சில் கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு. 48 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. தரைத் தண்ணீர் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. கீழ் வீட்டுக் கூரையையும் போய்ப் பாருங்கள்.

வாட்டம் பார்க்க சுலபமான வழி: 1 மீட்டர் ரசமட்டத்தின் ட்ராப் பக்க முனைக்கு அடியில் 10 மி.மீ. கட்டை ஒன்றை வைத்துத் தரையில் வையுங்கள். குமிழ் நடுவில் நின்றால் வாட்டம் சரி. இந்த வாட்டம் அடித்தளத்திலேயே இருக்க வேண்டும். "டைல்ஸ் போடும்போது கொண்டு வந்துக்கலாம்" என்பது பசையைத் தடிமனாகப் போட்டு ஏமாற்றும் வேலை.

மாடிப்படி

நன்றி. க்ளோசெட் பைப்பும் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். அதையும் அளக்க வேண்டுமா?

ரசமட்டம்

கட்டாயம். கேட்லாக்கில் 225 அல்லது 300 மி.மீ. என்று போட்டிருந்தால் அது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து பைப்பின் மையம் வரை. வெறும் செங்கலில் இருந்து அந்த 225ஐ அளந்து வைத்திருந்தால், பூச்சு, பசை, டைல் சேர்ந்து 30 மி.மீ. வரை தின்றுவிடும், க்ளோசெட் உட்காராது. அப்புறம் வளைந்த கனெக்டர் போட்டுச் சமாளிப்பார்கள், அது அடைத்துக்கொண்டே இருக்கும். சுவருக்குள் டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வு) இருந்தால் அதன் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடு இருக்கும். டைலின் முகப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும்.

கரண்டி

மேல சொன்னதெல்லாம் சரிதான். மாத்தறதா இருந்தா கணக்கு எப்படின்னு மட்டும் நான் சொல்றேன். கோவத்துல போன்ல "இனிமே வராதீங்க"ன்னு சொல்லிடாதீங்க. அப்படிச் சொல்லிட்டா, "நான் ரெடியாதான் இருந்தேன், அவங்கதான் நிறுத்திட்டாங்க"ன்னு கதை மாறிடும்.

முதல்ல மெசேஜ், மெயில், பதிவுத் தபால் மூணுலயும் ஒரே கடிதம் அனுப்புங்க. இதுவரை குடுத்த தொகை தேதியோட, இதுவரை நடந்த வேலை, பாக்கி வேலை, 7 நாளுக்குள்ள இத்தனை ஆளோட ஆரம்பிக்கணும், இல்லேன்னா இந்தத் தேதியில இத்தனை மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து அளவெடுப்போம், அவ்வளவுதான். திட்டு, மிரட்டல் ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு அவர் வரலேன்னா, சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரை வெச்சு அளந்து கையெழுத்து வாங்கிக்கோங்க.

அளக்கும்போது பூச்சும் வாட்டர்ப்ரூஃபிங்கும் சதுர அடியில, பைப்பு ரன்னிங் அடியில, எலக்ட்ரிக்கல் பாயின்ட் எண்ணிக்கையில. டேப்பைச் சுவர்ல பிடிச்சபடியே போட்டோ எடுங்க, தரையிலருந்து பைப்பு எந்த உயரத்துல போகுதுன்னு தெரியணும். பின்னாடி டவல் ராடுக்கு ட்ரில் போடும்போதும் அந்த போட்டோதான் காப்பாத்தும். சைட்ல கிடக்கிற மூட்டை, பைப்பு, அவரோட சாரம், மெஷின் எல்லாத்தையும் லிஸ்ட்ல எழுதுங்க. நீங்க காசு குடுத்த பொருள் உங்களுது. அவரோட கருவிய பிடிச்சு வெச்சுக்காதீங்க, அது வேற வம்பு.

"வேலை 33 சதவீதம்"னு அவரோட வாதாடாதீங்க, முடிவே வராது. பாக்கி வேலைய ஐட்டம் ஐட்டமா எழுதி ரெண்டு பேர்கிட்ட விலை வாங்குங்க. உங்க கையில இருக்கிற 40ஐ விட அது எவ்வளவு அதிகமோ, அதுதான் அவர் உங்களுக்குத் தரணும். பாதி வேலைய எடுக்கிறவங்க கூடத்தான் கேப்பாங்க, அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

தூக்குக்குண்டு

கரண்டி சொல்வது முறையான வழி, ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம். பைப் வெளியே தெரியும் அந்த ஒரு பாத்ரூமை மட்டும் முடிக்கச் சொல்லுங்கள். பிரஷர் டெஸ்ட், இரண்டாவது கோட், தண்ணீர் கட்டுவது, சுவர் டைல்ஸ், தரை டைல்ஸ் என்று ஐந்து கட்டம், ஒவ்வொன்றுக்கும் தேதி. 33க்கும் 60க்கும் உள்ள இடைவெளி குறையும் வரை கூலியும் பொருளும் தவிர அவர் கைக்கு எதுவும் இல்லை. முதல் இரண்டு கட்டத்துக்குப் பெரிய செலவு கிடையாது, ஒரு பிளம்பரும் சில கிலோ வாட்டர்ப்ரூஃபிங்கும் போதும். அதற்கே வரவில்லை என்றால் பணம் இருந்தாலும் வரப்போவதில்லை, அன்றே கடிதத்தை அனுப்பிவிடலாம்.

வேலையின் நடுவில், "இதையும் சேர்த்துச் செய்துடலாமே" என்று நீங்கள் கேட்பதையும் நிறுத்துங்கள். தேதி தவறுவதற்கு அவருக்குக் கிடைக்கும் நியாயமான காரணம் அது ஒன்றுதான். கூடுதல் வேலை வந்தே ஆக வேண்டுமென்றால், செய்வதற்கு முன் எவ்வளவு தொகை, எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு செய்யுங்கள்.

மின்கம்பி

வயரிங் பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்விட்ச் போர்டு மாட்டும் முன், எந்த சாதனமும் இணைக்காத நிலையில், 500 வோல்ட் மெகர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையில் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் எங்கோ இன்சுலேஷன் கிழிந்திருக்கிறது அல்லது பைப்புக்குள் தண்ணீர். நல்ல புது வயரில் அதற்குப் பல மடங்கு மேலே காட்டும். கட்டிங் குறுக்கே சாய்வாகப் போயிருந்தால் நேராக மாற்றச் சொல்லுங்கள், ஸ்விட்சுக்கு நேர் மேலேயோ பக்கவாட்டிலோதான் வயர் போகும் என்று நம்பித்தான் எல்லோரும் ஆணி அடிப்பார்கள்.

ரசமட்டம்

டைல்ஸ் ஆரம்பித்த முதல் நாள் ஒரு வேலை. ஒட்டிய ஐந்தாவது, ஆறாவது டைலில் ஒன்றை உடனே பெயர்த்துப் பின்பக்கம் பாருங்கள். ஐந்து பொட்டு வைத்து அமுக்கியிருந்தால் நடுவில் வெற்றிடம் இருக்கும். தட்டினால் டொக்கென்று கேட்கும், பாத்ரூமில் அதற்குள் தண்ணீர் நிற்கும். பல் கரண்டியால் இழுத்துப் போட்டு, ஈரமான இடத்தில் டைலின் பின்பக்கம் 95 சதவீதம் பசை ஒட்டியிருக்க வேண்டும். இறுக ஆரம்பித்த பசையில் தண்ணீர் ஊற்றித் திரும்பக் குழைத்தால் அந்தக் கலவையைக் கொட்டச் சொல்லுங்கள். அவர் ஆளோ, புது ஆளோ, கடைசி 10 சதவீதத்தை இரண்டு பாத்ரூமும் ஒரு மாதம் புழங்கிய பிறகு கொடுங்கள். அதையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள், முடியும் தறுவாயில் கேட்டால் சண்டைதான் வரும்.