வெள்ளச் சேதப் பதிவேடு: வார்டு வாரியாகப் போடலாமா, தெரு வாரியாகவா?

ஜங்ஷன்வாசி
திருநெல்வேலி மாநகராட்சியில் ஒரு மண்டலத்துக்கு மட்டும் 1990 முதல் மழை, வெள்ளச் சேதங்களை எக்செலில் ஏற்றுகிறோம். பகுதி சபையில் (நகரத்தில் கிராம சபை மாதிரிக் கூட்டம்) வடிகால் வேலைக்கு முன்னுரிமை கேட்கும்போது ஆதாரமாக வைக்க வேண்டும். பத்திரிகைச் செய்திகளும் தாலுகா ஆபீஸ் சேதப் பட்டியல்களும் கையில் இருக்கின்றன. ஆனால் 2023 டிசம்பர் பெருவெள்ளத்தை ஏற்றியதும் மற்ற வருஷமெல்லாம் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரிகிறது. வார்டு எல்லைகளும் இடையில் மாறிவிட்டன. எதை அலகாக வைப்பது?

பதிவறை
வார்டை அலகாக வைக்காதீர்கள். தெருப் பெயரோடு ஜிபிஎஸ் புள்ளி ஒன்றும் சேர்த்து எழுதினால், எந்த வருஷ எல்லைக்கு வேண்டுமானாலும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். வார்டு எண்ணை மட்டும் வைத்து ஏற்றிய பட்டியலைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

லத்தீன் அமெரிக்காவில் 1994-இல் உருவான டெசின்வென்டார் (DesInventar) என்ற பேரிடர் சேதப் பதிவு முறையில் ஒரு நிகழ்வு, ஓர் இடம், ஓர் அட்டை என்பது கணக்கு. அதையே பின்பற்றுங்கள். தேதி, இடம், நிகழ்வு, காரணம், இறப்பு, காயம், முழுதாக இடிந்த வீடு, பகுதி சேதம், வெளியேற்றியவர்கள், தண்ணீர் நின்ற உயரம், நின்ற நேரம், ஆதாரம். இத்தனை கட்டம் போதும். இதில் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: செய்தியில் எண்ணிக்கை இல்லையென்றால் 0 போட்டுவிடுகிறார்கள். 0 என்றால் சேதமில்லை, வெற்றுக் கட்டம் என்றால் தெரியாது. கலந்துவிட்டால் சராசரி முழுக்கப் பொய்.

2023 விழுங்குவது சேதத் தொகையைக் கூட்டுவதால். தொகையை விட்டுவிட்டு, அந்தத் தெருவில் எத்தனை தடவை தண்ணீர் ஏறியது என்று எண்ணுங்கள். முப்பது வருஷத்தில் ஒரே தடவை இடுப்பளவு நின்ற தெரு வேறு, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் முழங்கால் அளவு நிற்கும் தெரு வேறு. முதலாவதற்கு எச்சரிக்கையும் வெளியேற்றமும். இரண்டாவதற்குத்தான் உங்கள் வடிகால்.

மறுகால்
பதிவறை அண்ணாச்சி சொன்னதில் காரணம் என்ற கட்டத்தைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். வெறுமனே 'கனமழை' என்று எழுதினால் உதவாது. நெல்லையில் தண்ணீர் மூன்று வழியாக வருகிறது:

– தாமிரபரணி கரை மீறுவது. மழை நின்ற பிறகும் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் இதுதான். மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறந்த தண்ணீரோடு கடனா நதியும் பச்சையாறும் கொண்டுவருவது சேரும். அணை திறப்பு நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.
– நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் உடைவது, அல்லது குளம் நிறைந்து மறுகால் (உபரி நீர்) போவது. கரையோரத் தெருக்களில் மட்டும் சட்டென்று ஏறும்.
– சாக்கடை அடைப்பு. மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் வடியும்.

மூன்றாவதில் ஒரு பொறி உண்டு. ஆறு உயர்ந்திருக்கும்போது வடிகால் வாய் மூழ்கி, தண்ணீர் எதிரேறும். அப்போது சாக்கடையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயனில்லை. வடிகால் ஆற்றில் சேரும் வாயில் ஒருவழி மடை வேண்டும். அன்றைய ஆற்று மட்டத்தைப் பார்க்காமல் 'அடைப்பு' என்று எழுதாதீர்கள்.

குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கியது என்ற செய்தியைச் சேதமாக ஏற்ற வேண்டாம். கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தித் தேதிகளைத் தனியாகக் குறித்துவைத்தால் செலவில்லாத நீர்மட்ட அளவுகோல்.

பேட்டை_மழைமானி
மழை அளவைச் சேர்க்கும்போது கவனம். வானிலைத் துறைக் கணக்கு முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. 2023 டிசம்பர் 17 பெய்த மழை 18-ஆம் தேதிக் கணக்கில் வரும். காயல்பட்டினத்தின் 95 செ.மீ. அப்படித்தான் பதிவானது. தேதி ஒரு நாள் பிசகினால் மழையும் சேதமும் பொருந்தாது.

தாலுகா பட்டியலிலும் ஒரு விஷயம். நிவாரணம் வாங்கிய குடும்பங்களை, சேதமான குடும்பங்கள் என்று ஏற்றாதீர்கள். 2023-இல் அதிகம் பாதித்த வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அது வீட்டுக்கு வீடு சேதம் பார்த்த எண்ணிக்கை அல்ல. கிராம நிர்வாக அலுவலரின் வீடு இடிந்த பட்டியலைத் தனியாகக் கேளுங்கள். தீயணைப்பு நிலைய அழைப்புப் பதிவேடும் நல்ல ஆதாரம், நேரமே எழுதியிருக்கும். தகவல் உரிமைச் சட்ட (ஆர்.டி.ஐ.) மனுவில் நகல் கேட்பதைவிட, பிரிவு 2(ஜே)-யைக் காட்டி நேரில் பார்வையிட அனுமதி கேட்பது நல்லது. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

ஜங்ஷன்வாசி
பழைய செய்திகளில் மாவட்ட மொத்தம் மட்டும் இருந்தால் சேர்க்கலாமா? 2000-க்குப் பிறகு எங்கள் பட்டியலில் வரிசைகள் மளமளவென்று கூடுகின்றன. மழை கூடியதாக எடுக்கலாமா?

பதிவறை
மாவட்ட மொத்தத்தைத் தனித் தாளில் வையுங்கள், தெருக் கணக்கில் கலக்காதீர்கள். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தின் மொத்தத்தில் தென்காசிப் பக்கமும் சேரும், 2023-இல் சேராது. 1997 வரை மாவட்டத்தின் பெயரே நெல்லை கட்டபொம்மன். பழைய கோப்புகளில் அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

வரிசை கூடியதை மழைக்குக் காட்டாதீர்கள். செய்தி எழுதுவோரும் போன் கேமராவும் கூடியதும் காரணம். பாளையங்கோட்டை மழைமானியில் ஒரே நாளில் 10 செ.மீ. தாண்டிய நாட்களை எடுத்து, அதில் எத்தனை நாளுக்கு உங்கள் பட்டியலில் வரிசை இருக்கிறது என்று பத்து பத்து வருஷமாகப் பாருங்கள். 90-களில் பாதி நாளுக்குக்கூட வரிசை இல்லையென்றால், அந்தப் பத்து வருஷத்துக்கு இன்னும் ஆதாரம் தேட வேண்டும்.

மறுகால்
எக்செலில் ஏற்றும் முன் கணினியின் பிராந்தியத் தேதி அமைப்பை நாள்-மாதம்-வருஷம் என்று வைத்துவிடுங்கள்; கட்டத்தின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதாது. அமெரிக்க அமைப்பில் இருந்தால் 12-11-ஐ அது டிசம்பர் 11 ஆக்கிவிடும். நமக்கு இரண்டுமே மழை மாதம், கண்ணில் படவே படாது.