ஒரு ராத்தல் டப்பா

கும்பகோணத்தில் ஒரு பழைய காப்பித்தூள் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் சணல் உருண்டை போட்டு வைத்திருந்த தகர டப்பாவில்தான் என் கண் போனது. கரும்பச்சை மேல் மஞ்சள் எழுத்து, ஒரு பக்கம் லேசாக நசுங்கல். கேட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். அதே கடையின் பெயர், ‘தஞ்சை ஜில்லா’, அதன் கீழே ‘1 ராத்தல்’.

ராத்தல் என்றால் பவுண்டு, பழைய எடை அளவு. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. கிலோ, கிராம் நம் ஊருக்கு வரத் தொடங்கியது 1958-ல். சில வருஷங்களில் ராத்தல் கடைகளை விட்டே போய்விட்டது. டப்பாவின் வயதை இப்படித்தான் கணிக்கிறேன். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. பழைய டப்பா தீரும்வரை கடைக்காரர்கள் அதிலேயே அடைத்து விற்றிருப்பார்கள், அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம்.

ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றேன். பெரியவர் தலையாட்டி மறுத்தார். மறுநாள் ஆயிரம் என்றேன். “பணத்தை வாங்கிட்டு சணலை எதுல தம்பி வைக்கிறது?” என்றார். எனக்கு அது பழம்பொருள், அவருக்குத் தினமும் கை போகிற டப்பா. இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. பாத்திரக்கடைக்குப் போய் அதே உயரத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி வந்தேன். அவர் உருண்டையை அதில் போட்டு, நுனியை வெளியே இழுத்து, ரெண்டு பொட்டலம் கட்டிப் பார்த்தார். அப்புறம்தான் தகர டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். காசு வாங்கவில்லை.

சுத்தம் செய்வது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பு ஒரு மிட்டாய் டப்பாவைப் பித்தளை மாதிரி நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். துருவோடு படமும் போய்விட்டது. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை. தகரத்தின் மேலேயே அச்சடித்த மை அது. புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் ஆகாது. உலர்ந்த மெல்லிய துணி போதும். துரு உள்ள இடத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

படியிறங்கும்போது பெரியவர் கூப்பிட்டார். “மூடியைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஸ்பூன் காம்பால சுத்திச் சுத்தி நெம்பணும்.”