கேஸ் முடிஞ்ச பிறகும் வேலை போனவங்க இருக்கீங்களா? உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க

எனக்கு அப்ப 19 வயசு. எங்க ஊர் கோயில் கொடையில மைக் செட்டுக்காரர்கிட்ட ஆரம்பிச்ச வாய்த்தகராறு ரெண்டு தெரு சண்டையாயிருச்சு, நின்னவன் போனவன்னு 11 பேர் மேல எஃப்ஐஆர், அதுல நானும் ஒருத்தன். பழைய ஐபிசில 294(பி), 323, 506(1), அதாவது கெட்ட வார்த்தை, அடி, மிரட்டல், அப்ப நம்ம பக்கம் அடிதடினாலே போட்ட அதே மூணு செக்‌ஷன். பெரியவங்க உக்காந்து பேசி ரெண்டு தெருவும் ராசியாயிட்டோம், ஆனா 294(பி)ய கோர்ட்ல ராசியா முடிக்க முடியாதுனு வக்கீல் சொல்லிட்டார், அதனால புகார் குடுத்த அண்ணாச்சியே கூண்டுல ஏறி எனக்கு யாரையும் தெரியாதுனு பிறழ் சாட்சியாயிட்டார். எல்லாருக்கும் விடுதலை. அம்மா அன்னைக்கு பாயாசம் வச்சாங்க.

நாலு வருசம் கழிச்சு போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு, மெடிக்கல் எல்லாம் தாண்டி வெரிஃபிகேஷன்ல நின்னுட்டேன். ஃபார்ம்ல கேஸ மறைக்கவே இல்ல, நானே எழுதிக் குடுத்தேன். போலீஸ் வேலைக்கான விதி 14(பி)ல, சந்தேகத்தின் பலன்ல வெளிய வந்தாலும் புகார்தாரர் பிறழ் சாட்சியாகி வெளிய வந்தாலும் அவன் கேஸ்ல சம்பந்தப்பட்டவன்தான்னு இருக்கு. 2008ல ஹைகோர்ட்ல மூணு நீதிபதிங்க உக்காந்த ஃபுல் பெஞ்ச்சும் அத ஏத்துக்கிட்டாங்க. ஊர் சமாதானமா போகணும்னு செஞ்ச காரியமே என் வேலைய எடுத்துருச்சு, இத இன்னைக்கு வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல.

----

தம்பி, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. எங்க அக்கா மகன் உங்களுக்கு நேர் எதிர், கேஸ் முடிஞ்சிருச்சேனு, கேஸ் இருக்கானு கேக்குற அட்டஸ்டேஷன் ஃபார்ம்ல "இல்லை"னு டிக் பண்ணிட்டான், ட்ரெயினிங்ல இருக்கும்போதே அனுப்பிட்டாங்க. 2016ல சுப்ரீம் கோர்ட் குடுத்த அவதார் சிங் தீர்ப்ப அப்பதான் வக்கீல் படிச்சுக் காட்டினார். சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்பமான கேஸ்னா மறைச்சதக்கூட மன்னிக்கலாம்னு அதுல இருக்கு, ஆனா உண்மையச் சொன்னவனயும் கட்டாயம் எடுத்தாகணும்னு இல்ல, பரிசீலிக்கிற உரிமை வேலை குடுக்கிறவங்களுக்கு இருக்குனும் அதுலயே இருக்கு. அப்ப எழுதினாலும் அடி, எழுதாட்டியும் அடியா? இருந்தாலும் எழுதிருங்கனுதான் எல்லா பிள்ளைங்ககிட்டயும் சொல்றேன், மறைச்சா நீங்க வாதாட ஒண்ணுமே மிச்சமிருக்காது.

----

நான் பிரைவேட்ல ஆள் எடுக்கிற வேலை பாக்குறேன் அண்ணே, இங்க விதியும் கிடையாது ஒண்ணும் கிடையாது. கேஸ் இருந்த ஆள எடுக்க மாட்டேன்னு கம்பெனி சொன்னா தடுக்க நம்ம நாட்டுல தனிச் சட்டமே இல்ல. போன வருசம் ஒரு டிரைவர், சுத்தமான லைசென்ஸ், 12 வருசம் லாரி ஓட்டினவர், எப்பவோ ராத்திரி ரோட்டுல சத்தம் போட்டதுக்கு 75வது பிரிவுல ஒரே ஒரு கேஸ், ஃபைன் கட்டி முடிச்சது. ரிப்போர்ட்ல வந்ததும் மேல இருந்து வேண்டாம்னுட்டாங்க. ஸ்டீயரிங்குக்கும் அந்த கேஸுக்கும் என்ன சார் சம்பந்தம்னு ரெண்டு தடவ மெயில் போட்டேன், பதில் இல்ல. அவர் மட்டும் மூணு நாளா ஃபோன் பண்ணிட்டே இருந்தார், "எப்ப சார் ஜாயின் பண்ணனும்"னு.